மூடியில் ஒரு நிலா

“அது கிடக்கட்டும். ராத்திரி என்ன கனவு வந்துச்சு?”

மருந்துக் கடையின் கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவர் புதியவர். மெக்னீசியம் மாத்திரை வாங்க வந்தவர். கேள்வி காதில் விழுந்ததும், தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறார். ஒருவரும் இல்லை. கேள்வி அவருக்கேதான். மேசைக்கு அந்தப் பக்கம், முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைக் கோட்டும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக, பேனாவைத் திறந்து பிடித்தபடி மேடம் காத்திருக்கிறார். பதில் வராமல் பாட்டில் பைக்குள் போகாது.

“கனவா? அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க.”

“சரி, ‘ஞாபகம் இல்லை’ன்னு எழுதிக்கிறேன். இதைப் பதினஞ்சு நாள் போட்ட பிறகு என்ன வருதுன்னு வந்து சொல்லணும். சொல்லலைன்னா அடுத்த பாட்டில் கிடையாது.”

வந்தவர் சிரிக்கிறார். மேடம் சிரிப்பதில்லை. நிஜமாகவே கிடையாது என்பது இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

எதிரே பஸ் டிப்போ. ஒரு பக்கம் செருப்புக் கடை, மறுபக்கம் ஜெராக்ஸ் கடை. நடுவில் எட்டடி அகலத்துக்கு இந்த மருந்துக் கடை. மருந்தாளர் படிப்பு படித்துப் பட்டம் வாங்கிய மேடத்தின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. ஆனால் அதிலுள்ள பெயரைச் சொல்லிக் கேட்டால் செருப்புக் கடைக்காரரே விழிப்பார். ‘கனவு மேடம் கடை’ என்றால் டிப்போ வாசலில் நிற்கும் நாய்கூட வழி காட்டும். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் கனவு மேடம். இரண்டும் அவருக்குத் தெரியும். இரண்டாவதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கடையின் இடது பக்கம் முழுக்க டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்துகள். அவற்றை அவருடைய உதவியாளர் பெண் பார்த்துக்கொள்கிறாள். வலது பக்கத்து நான்கு தட்டுகள்தான் மேடத்தின் ராஜ்ஜியம். வைட்டமின்கள், மீன் எண்ணெய் உருண்டைகள், தூக்கத்துக்கான மெலடோனின், அமுக்கராக் கிழங்குப் பொடி அடைத்த குப்பிகள், வேர், இலை, பூ. சீட்டு இல்லாமல் வாங்கக்கூடியவை என்பதால் எல்லோரும் இவற்றை மிட்டாய் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய தீராத கோபம். “டாக்டர் குடுத்தா பயந்து பயந்து முழுங்குவாங்க. பக்கத்து வீட்டுக்காரி சொன்னா பட்டாணி மாதிரி வாயில போட்டுக்குவாங்க. வயித்துக்குள்ள போனதுக்கு அது யார் சொன்னதுன்னா தெரியப்போகுது?”

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் நோட்டு. நீல அட்டை போட்ட நீள நோட்டு. இப்போது நடப்பது ஒன்பதாவது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்பது. அந்தப் பக்கம் கனவு. தையல்காரர் ஒருவர் படுக்கும் முன் ‘பி சிக்ஸ்’ வைட்டமின் போட்டுக்கொண்ட வாரத்தில் கனவில் நூலின் நிற எண்ணைக்கூடப் படித்திருக்கிறார். மெலடோனின் தொடங்கிய ஒரு வங்கி ஊழியையின் கனவில், செத்துப்போன மாமனார் வந்து வாஷிங் மெஷினைப் பழுது பார்த்துவிட்டு, “வாஷர் மாத்தணும்மா” என்று சொல்லிப் போயிருக்கிறார். காலையில் பார்த்தால் உண்மையாகவே மெஷினில் தண்ணீர் ஒழுகியதாம். அதை மட்டும் மேடம் எழுதவில்லை. “ஒழுகுறது ஒரு மாசமா ஒழுகுது. உங்களுக்கு மாமனார் வந்து சொன்னாத்தான் தெரியுமா?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

எல்லாப் பழியையும் மாத்திரை மேலேயே போடவும் அவர் விடமாட்டார். மல்டிவைட்டமின் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து யாரோ துரத்துகிற மாதிரியே கனவு வருகிறது என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து புலம்பினார். துரத்துவது யார் என்று மேடம் துருவித் துருவிக் கேட்டார். முகம் தெரியவில்லை, ஆனால் கையில் ஃபைல் இருந்தது, வழுக்கைத் தலை என்றார் அவர். “அது வைட்டமின் இல்ல. உங்க மேனேஜர்” என்று சொல்லி, பாட்டிலைத் திருப்பி அவர் கையிலேயே திணித்தார் மேடம்.

நல்ல கனவுக்கு ஏதாவது மாத்திரை இருக்கிறதா என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். “இருந்தா நான் ஏன் கடையில நின்னுட்டு இருக்கேன்? போட்டுட்டுப் படுத்திருக்க மாட்டேனா?” என்பது நிரந்தரப் பதில். இதில் வேடிக்கை என்னவென்றால் மேடத்துக்குக் கனவே வருவதில்லை. தலையணையில் தலை பட்டால் தூக்கம். விழித்தால் காலை. நடுவில் ஒன்றுமில்லை. தலைவலிக்குக்கூட மாத்திரை போடமாட்டார். கைக்குட்டையை நனைத்து நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வியாபாரம் பார்ப்பார்.

அவருடைய கணவர் கணக்கு வாத்தியார். நோட்டைக் கண்டாலே அவருக்கு வாய் அரிக்கும். “மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறே. ஒரு தெரு ஆளுங்களோட கனவை வச்சு முடிவு சொல்லலாமா? மாதிரிக்கு எடுத்த ஆளு பத்தாது.”

“உங்க கிளாஸ்ல முப்பது பேர் ஃபெயிலானா உடனே கேள்வித்தாள் மேல பழி போடுறீங்களே, அப்போ மட்டும் ஆளு பத்துதா?”

 வாத்தியார் டீயை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார்.

மேடத்தின் இன்னொரு பெருமை மூடி. வலது பக்கத் தட்டிலிருந்து எந்தப் பாட்டில் வெளியே போனாலும், கோட்டுப் பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்து, வெள்ளை மூடியின் உச்சியில் ஒரு படம் வரைவார். காலையில் சாப்பிட வேண்டியதற்குச் சூரியன், எட்டுக் கதிர்களோடு. இரவில் சாப்பிட வேண்டியதற்குப் பிறை நிலா. “பாட்டில்ல அச்சடிச்சதை எவன் படிக்கிறான்? எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. எல்லாரும் பாட்டிலை டிராயருக்குள்ள நிக்க வைப்பாங்க. மேலேருந்து பார்த்தா என்ன தெரியும்? மூடிதான் தெரியும். அப்போ எங்க எழுதணும்?” என்று கேட்டுவிட்டு, கேட்டவர் ‘மூடியில’ என்று சொல்லும்வரை விடமாட்டார். பதினோரு வருடங்களில் ஒருவர்கூடக் காலையையும் இரவையும் மாற்றிச் சாப்பிட்டதில்லை என்பது அவர் வாய்க்கு வாய் சொல்லும் வாசகம். சும்மா சொல்லக் கூடாது, யோசனை நல்ல யோசனைதான்.

அந்த யோசனை சறுக்கிய கதையை அவரே எல்லோரிடமும் சொல்கிறார். அதனால் நாமும் சொல்லலாம்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், காலை ஒன்பதரை இருக்கும். டிப்போவில் இருபத்திரண்டு வருடங்களாக வண்டி ஓட்டும் ஓட்டுநர் ஒருவர் கடைக்கு வந்தார். இந்த இருபத்திரண்டு வருடங்களில் அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. டிப்போவில் புதிதாகச் சேருபவர்களிடம் அவரைக் காட்டி, “அதோ போறாரே, அவர் மாதிரி ஓட்டு” என்று சொல்வார்கள். விரல் மரத்துப்போகிறது என்று டாக்டர் அவருக்கு ‘பி’ வைட்டமின் எழுதிக்கொடுத்திருந்தார். அது காலைக்கு. வாரம் மாறி மாறி வரும் அதிகாலை ஷிஃப்டுக்கு மாலையிலேயே படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை என்று சொன்னதற்கு, தூக்கத்துக்கான வலேரியன் வேர்ப்பொடி கேப்சூலையும் டாக்டரே ஒப்புக்கொண்டிருந்தார். அது படுக்கும்போது மட்டும். இரண்டையும் கொடுத்தவர் மேடம். ஒன்றில் சூரியன், ஒன்றில் நிலா. “அண்ணே, நிலாவைப் பகல்ல தொடவே கூடாது. தொட்டீங்க, ஸ்டீரிங்லயே படுத்துருவீங்க” என்று பயமுறுத்தியும் அனுப்பியிருந்தார்.

அன்றைக்கு ஓட்டுநர் சீருடையில் வரவில்லை. சாதாரணச் சட்டை. கண்ணுக்குக் கீழே கறுப்பு. துணிப் பையிலிருந்து இரண்டு பாட்டில்களையும் எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தார்.

“இனிமே வேண்டாம் மேடம். கனவு வந்தா வந்து சொல்றேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். அதைச் சொல்லிட்டுப் போயிடலாம்னு வந்தேன். பதினோரு மணிக்கு ஆபீசர் வருவாரு. லெட்டரைக் குடுத்துருவேன்.”

“என்ன லெட்டர்?”

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் காட்டினார். இனி வண்டி ஓட்டும் பணி வேண்டாம், கழுவுகிற ஷெட்டில் போட்டாலும் சரி, இல்லாவிட்டால் வேலையிலிருந்தே விடுவித்தாலும் சரி என்று எழுதியிருந்தது. எழுத்து குண்டு குண்டாக, ஒரு அடித்தல் இல்லாமல் இருந்தது. பல தடவை எழுதிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார் என்று மேடத்துக்குப் புரிந்தது.

“கனவைச் சொல்லுங்க அண்ணே.”

ஓட்டுநர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “வண்டி ஃபுல்லா ஆளு. எல்லாம் நம்ம சொந்தக்காரங்க. மாமியாரு முன் சீட்டுல, டிக்கெட்டைக் கையில பிடிச்சிட்டு உக்காந்திருக்காங்க. ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க. இறக்கத்துல போயிட்டு இருக்கேன். பிரேக்கை மிதிக்கக் காலை வைக்கிறேன், பெடலே இல்ல மேடம். வெறும் தகரம். முன்னாடி ஒரு பொம்பளை குடையைப் பிடிச்சிட்டு ரோட்டைக் கடக்குறா. ஹாரன் அடிக்கிறேன், சத்தம் வரல. அவ திரும்புறா.” கொஞ்சம் நிறுத்தினார். “என் வீட்டுக்காரி.”

உதவியாளர் பெண் கையிலிருந்த அட்டைப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“எத்தனை நாளா?”

“பத்து நாளா. தினமும். சினிமா பார்க்குற மாதிரி அவ்வளவு சுத்தமா இருக்கு. அவ குடையில ஒரு ஓட்டை இருக்கு, அதுகூடத் தெரியுது.”

“வீட்டுல சொன்னீங்களா?”

“எப்படிச் சொல்றது? ‘உன்னைத்தான் தினமும் அடிச்சுப் போடுறேன்’னா சொல்ல முடியும்?” தலையைக் குனிந்துகொண்டார்.  “கனவோட நின்னிருந்தாப் பரவாயில்ல. நேத்து ஆஸ்பத்திரி வளைவுல ஒரு அம்மா, குடையோட குறுக்கே வந்துட்டாங்க. எப்பவும் அம்பதடிக்கு முன்னாலயே பார்த்துருவேன் மேடம். நேத்துப் பார்க்கல. ரெண்டு முழம். ரெண்டே முழத்துல நின்னுச்சு. இறங்கி ஓடினேன். அவங்க திட்டக்கூட இல்ல. ‘பரவாயில்லப்பா’ன்னுட்டுப் போயிட்டாங்க. அதுதான் தாங்க முடியல. கனவு பலிக்க ஆரம்பிச்சிருச்சு. அடுத்தது இவதான்.”

மேடம் நோட்டைப் பிரித்தார். அவருக்குத் தயக்கம் என்பது என்னவென்று தெரியாது. “கனவு பலிக்கிறதாவது, மண்ணாவது! ராத்திரி எதைப் போடுறீங்க?”

ஓட்டுநர் நிலா வரைந்த மூடியைத் தொட்டுக் காட்டினார்.

“காலையில?”

சூரியனைத் தொட்டார்.

“பகல்ல தூக்கம் வருதா?”

“கொட்டாவி கொட்டாவியா வருது. ராத்திரி இந்தக் கூத்துன்னா பகல்ல வராம என்ன செய்யும்?”

“அவ்வளவுதான். இந்த வேர் உங்களுக்கு ஒத்துக்கல. நூத்துல ஒருத்தருக்கு இப்படித் திருப்பி அடிக்கும்” என்றார் மேடம், நெற்றிப்பொட்டில் அடித்தாற்போல. சொன்னதோடு நிற்காமல் எழுதவும் எழுதிவிட்டார். இந்தப் பக்கம்: வலேரியன், இரவில். அந்தப் பக்கம்: பெடல் இல்லாத பஸ். எழுதி முடித்து, பாட்டிலைத் திரும்ப எடுத்து வைக்கும் முன், கை பழக்கத்தில் நிலா மூடியைத் திருகி, மூக்குக்கு அருகே கொண்டுபோனார். வேர் பாட்டிலைத் திறந்து முகர்வது அவர் வழக்கம். பழையதா புதியதா என்று வாசனையிலேயே சொல்லிவிடுவார்.

வலேரியன் வேரின் வாசனையை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மழையில் நனைந்த காலுறையை மூன்று நாள் ஷூவுக்குள்ளேயே வைத்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். திறந்தால் பக்கத்துச் செருப்புக் கடை வரை போகும்.

இந்தப் பாட்டிலில் அந்த நாற்றம் இல்லை.

மேடம் மறுபடி முகர்ந்தார். கண்ணாடியை மூக்கு நுனியிலிருந்து மேலே தள்ளி, பாட்டிலின் எறும்பு எழுத்தைப் படித்தார். பிறகு சூரிய மூடியைத் திறந்தார். உதவியாளர் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

மேடம் இரண்டு மூடிகளையும் கழற்றியபடியே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 

“அண்ணே, அண்ணிக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. கனவைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

ஓட்டுநரின் மனைவி மூன்றாவது மணியில் எடுத்தார். பின்னணியில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“அண்ணி, மருந்துக் கடையிலிருந்து பேசுறேன். அண்ணனோட பாட்டில் மூடியை ஏதாவது செஞ்சீங்களா?”

“மூடியா? ஆமா மேடம், கழுவினேன். டிராயரைத் திறந்தாலே பொணம் கிடக்குற மாதிரி ஒரு நாத்தம். சட்டையெல்லாம் ஏறிப்போச்சு. ரெண்டு மூடியையும் கழட்டி நல்லா சோப்புப் போட்டுத் தேய்ச்சு ஜன்னல்ல காய வச்சேன். உங்க படம் அழியலயே, நல்ல மை மேடம் அது.”

“எப்போ கழுவினீங்க?”

“ஒரு பத்துப் பதினோரு நாள் இருக்கும். ஏன் மேடம்? நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?”

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் மேடமும் நின்றார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பதினோரு வருடப் பெருமை அப்படியே நின்றிருக்கும். கழுவிய பிறகு மூடிகளை மாற்றிப் போட்டது அந்த அம்மாள்தான், அதில் பொய்யும் இல்லை. ஓட்டுநர் வீட்டுக்குப் போய் ஒரு சத்தம் போட்டிருப்பார், விஷயம் முடிந்திருக்கும். மேடத்துக்கு முகம் சிவந்துபோனது. தன் மேலேயே வந்த கோபம் அது. ரெண்டு முழம், ரெண்டே முழம் என்று அந்த மனிதர் சொன்னது காதிலேயே நின்றது.

“இல்ல அண்ணி. நீங்க கழுவினதுல ஒரு தப்பும் இல்ல. கழண்டு வர்ற இடத்துல எழுதினேன் பாருங்க, அது என் தப்பு. அண்ணன் இன்னைக்கு லீவு. வீட்டுக்கு வருவாரு, டீ போட்டு வையுங்க.”

போனை வைத்துவிட்டு ஓட்டுநரிடம் திரும்பினார். “கேட்டீங்களா? பத்து நாளா நீங்க தூக்க வேரைக் காலையில முழுங்கிட்டு வண்டி ஓட்டியிருக்கீங்க. பி வைட்டமினை ராத்திரியில போட்டிருக்கீங்க. ரெண்டு பாட்டிலும் ரெண்டு கேப்சூலும் பார்க்க ஒண்ணுபோல, டீசல் புகையில மூக்கு மரத்த உங்களுக்கு நாத்தமும் தெரியல. தையல்காரரு நூல் நம்பரைப் படிச்சாரே, அதே சமாச்சாரம்தான். ராத்திரி போட்டா சிலருக்குக் கனவு பளிச்சுன்னு நிக்கும். பயம் உங்களோடது, வெளிச்சம் போட்டது மாத்திரை. நேத்து அந்த அம்மாவைப் பார்க்காம விட்டது விதியும் இல்ல, சகுனமும் இல்ல. அரைத் தூக்கம். அதுக்குக் காரணம் நான்.”

ஓட்டுநர் அந்த இரண்டு மூடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று மேடம் எதிர்பார்த்தார். திட்டட்டும் என்று தயாராகவும் நின்றார். அவர் கேட்டது வேறு.

“அப்போ என் வீட்டுக்காரிக்கு ஒண்ணும் ஆகாதே மேடம்?”

“குடைக்குத்தான் ஆகும். ஓட்டைன்னீங்களே, போற வழியில புதுசு ஒண்ணு வாங்கிட்டுப் போங்க.”

இருபத்திரண்டு வருடம் கீறல் படாமல் வண்டி ஓட்டிய மனிதர், மருந்துக் கடை வாசலில் நின்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகையின் நடுவே சிரிப்பும் வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “அண்ணனுக்கு மாத்திரை கசக்குதாம்” என்று மேடம் அவரை விரட்டிவிட்டார்.

பிறகு மளமளவென்று காரியம் நடந்தது. இரண்டு பாட்டில்களும் மேசைக்கு அந்தப் பக்கம் போயின. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, டாக்டருக்கு ஒரு சீட்டு. அதில் ‘தவறு என்னுடையது’ என்ற வரிக்குக் கீழே கோடு. இன்றைக்கும் நாளைக்கும் வண்டியைத் தொடக் கூடாது. டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே தொட வேண்டும். ஓட்டுநர் ராஜினாமாத் தாளைப் பார்த்தபடி நின்றார். பதினோரு மணி ஆக இன்னும் கால் மணி இருந்தது.

“இதை என்ன செய்ய?”

“என்கிட்ட குடுங்க.” மேடம் அதை வாங்கி நோட்டுக்குள் வைத்தார். “பத்து நாள் கழிச்சு வாங்க. அப்பவும் குடுக்கணும்னு தோணுச்சுன்னா நானே ஆபீசர்கிட்ட கொண்டுபோய்க் குடுக்கிறேன். இப்போ லீவு லெட்டர் எழுதுங்க. இந்தாங்க பேனா.”

அவர் போன பிறகு மேடம் நோட்டைத் திறந்து, சற்று முன் அவ்வளவு உறுதியாக எழுதிய வரியை அடித்தார். ஒன்பது நோட்டுகளில் அதுதான் முதல் அடித்தல். பிறகு போனை எடுத்தார். இரண்டு பாட்டில் வாங்கிய ஒவ்வொருவரையும் அழைத்தார். நாற்பத்தொரு பேர். “உங்க வீட்டுல மூடியெல்லாம் அதது மேலதான் இருக்கா? திறந்து, பாட்டில்ல எழுதியிருக்கிறதைப் படிங்க. எனக்குக் கேக்குற மாதிரி படிங்க.” சிலர் சிரித்தார்கள். சிலர் சலித்துக்கொண்டார்கள். தையல்காரர் மட்டும், “மேடம், கனவு போய் இப்போ மூடியில இறங்கிட்டீங்களா?” என்று கேட்டார். “ஆமா, படிங்க” என்றார் மேடம். மத்தியானச் சாப்பாடு டப்பாவிலேயே இருந்தது. சாயங்காலம் வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். யானைக்கும் அடி சறுக்கும் என்று அவர் ஆறுதல் சொல்லத் தொடங்கினார். “யானை சறுக்கினா யானைக்குத்தான் அடி. நான் சறுக்கினா ரோட்டுல போறவங்களுக்கு அடி” என்று மேடம் வெட்டிவிட்டார். வாத்தியார் அன்றைக்குப் பால்கனிக்குப் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து படங்கள் பாட்டிலின் வயிற்றுக்கு இறங்கிவிட்டன. ஒட்டும் தாளில் பெரிய சூரியன், பெரிய நிலா. மூடியில் ஒன்றுமில்லை. அதோடு புது வழக்கம் ஒன்றும் வந்திருக்கிறது. பாட்டிலைக் கையில் கொடுக்கும் முன் மூடியைக் கழற்றித் தன் உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொள்கிறார். “இப்போ சொல்லுங்க, இது எப்போ?” என்று கேட்கிறார். சரியான பதில் வந்தால்தான் மூடி திரும்பக் கிடைக்கும். அவசரத்தில் இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிடுகிறார். தன்னம்பிக்கை குறைந்துவிட்டதா என்று கேட்டால், அதெல்லாம் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை. முன்னைவிடச் சத்தமாகவே பேசுகிறார்.

சொன்னபடி பத்தாம் நாள் ஓட்டுநர் வந்தார். சீருடையில் வந்தார். டிப்போ வாசலில் அவர் வண்டி உறுமிக்கொண்டு நின்றது, கிளம்ப இன்னும் ஆறு நிமிடம். வேரை டாக்டர் அடியோடு நிறுத்திவிட்டார், பி மட்டும் காலையில். மேடம் பேனாவைத் திறந்தார்.

“கனவு?”

“வருது மேடம். ஆனா மங்கல். பாதி மறந்துபோகுது.” ஓட்டுநர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். “முந்தாநாள் அதே ரோடு. அதே இறக்கம். பிரேக்கு இருந்துச்சு. நிறுத்தினேன். அவ குடையை மடக்கிட்டு உள்ள ஏறி, அவங்க அம்மா பக்கத்துல உக்காந்துட்டா. டிக்கெட் எங்கன்னு கேட்டேன். ‘டிரைவர் பொண்டாட்டிக்கு எதுக்கு டிக்கெட்டு, வண்டியை எடுங்க’ன்னா.”

“எந்தக் குடை?”

“பழைய குடைதான். புதுசு வாங்கிக் குடுத்தேன், அது கனவுக்கு இன்னும் வரல.”

மேடம் நோட்டுக்குள்ளிருந்த ராஜினாமாத் தாளை எடுத்து நீட்டினார். ஓட்டுநர் கையை நீட்டவில்லை. “நீங்களே வச்சுக்குங்க. பின்பக்கம் காலியாத்தானே இருக்கு” என்றார். மேடம் தாளைத் திருப்பிப் போட்டு, பஸ்ஸில் ஏறிய மனைவியை அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

வைட்டமின் புதுப் பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தார். வயிற்றில் எட்டுக் கதிர் சூரியன். மூடியைக் கழற்ற அவர் கை போவதற்குள் ஓட்டுநர் முந்திக்கொண்டார். தானே மூடியைத் திருகி எடுத்து, மேடத்தின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். பிறகு, மூடியில்லாத பாட்டிலை அவர் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

“காலையில, மேடம்.”